வீட்டு லேத்துக்கு இரும்பு தேடுவதும் இளக்குவதும்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

வீட்டில் சின்ன லேத் வாங்கி வைக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "அண்ணே, கம்பி எங்க வாங்குறது?" எந்த லேத், எந்த டூல் என்று ஆறு மாதம் தேடித் தேடிப் படித்திருப்பார்கள். அதில் மாட்டிக் கடையப்போகிற இரும்பைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு டிராக்டர் ஆக்சில் துண்டை எடைக்கு வாங்கி வந்து, பின்கட்டில் கிடக்கும் என் லேத்தில் மாட்டி, கார்பைடு டூலை வைத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். டூல் நுனி தெறித்து எதிர்ச்சுவரில் பட்டது. ஆக்சிலில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேல்தோலை மட்டும் மின்சாரச் சூட்டில் காய்ச்சிக் கடினப்படுத்திய ஆக்சில் அது.

அதே துண்டை ஒரு வாரம் கழித்து, செஞ்சூட்டில் காய்ச்சி, ஓர் இரவு உமிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு எடுத்த பிறகு, சுருள் சுருளாகச் சீவினேன். இப்படிக் கெட்டி இரும்பை மெத்தாக்குவதைத்தான் இளக்குவது என்கிறேன். இடையில் அந்த ஒரு வாரம் கற்றுக்கொண்டதும், பிறகு வந்த வருடங்களில் அதோடு சேர்ந்ததும்தான் கீழே இருப்பது.

எங்கே தேடுவது

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஸ்டீல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே இருப்பது கட்டடத்துக்கும் கிரில் வேலைக்கும் போகிற சரக்கு: டி.எம்.டி. கம்பி, ஆங்கிள், சேனல், பட்டை, சதுரக் குழாய். லேத் வேலைக்கு அங்கே நமக்கு ஆகக்கூடியது இரண்டு. ஒன்று, கறுப்புத் தோலோடு வரும் எம்.எஸ். ரவுண்டு. இன்னொன்று பிரைட் ரவுண்டு. இரண்டும் கார்பன் குறைந்த மெல்லிரும்பு. பழகுவதற்கு இதுவே போதும். பிரைட் ரவுண்டு அளவு சுத்தமாக இருக்கும், ஆனால் குளிர்ந்த நிலையிலேயே அச்சில் இழுத்துச் செய்வதால் அதற்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் சாவிப் பள்ளம் வெட்டினால் கம்பி மெல்ல வில்லாக வளையும். வளையக் கூடாத வேலைக்குக் கறுப்பு ரவுண்டு எடுத்துக் கடைந்துகொள்வதே மேல்.

டி.எம்.டி. கம்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கடைய நினைக்காதீர்கள். ஆலையில் சூடாக வரும்போதே தண்ணீர் பீச்சி அதன் வெளிவட்டத்தைக் கடினமாக்கிவிடுகிறார்கள். உள்ளே மெத்து, வெளியே கெட்டி. மேலே இருக்கும் வரிமேடுகளில் டூல் குதித்துக் குதித்து ஓடும். கிடைக்கும் சரக்கும் உருப்படியாக இராது.

தண்டு, பின் (முளை), கியர் மாதிரி பலம் வேண்டியவற்றுக்கு ஈ.என்.8 வேண்டும். ஈ.என். என்பது இரும்பின் தர எண், 8 நடுத்தரக் கார்பன் இரும்பு. அதற்கு மேல் ஈ.என்.19, ஈ.என்.24 என்ற கலப்பிரும்புகள். இவற்றுக்குத் திருச்சி அல்லது மதுரை போக வேண்டியிருக்கும். திருச்சியில் பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த துவாக்குடி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் வழி கிடைக்கும். முழு நீளம் வாங்க நம்மால் ஆகாது. "பிட்டு இருக்கா?" என்று கேளுங்கள். பெரிய வேலைக்கு அறுத்தது போக மிஞ்சிய அரை அடி, ஒரு அடித் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். கேட்கும்போதே எந்த ஈ.என். என்று கேட்டு, அந்த இடத்திலேயே பெயிண்ட் மார்க்கரால் துண்டின் மேல் எழுதிவிடுங்கள். பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் நான்கு துண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

எடைக் கணக்கு மனதில் இருக்கட்டும். ரவுண்டு கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 3.86 கிலோ, 50 மி.மீ. என்றால் 15.4 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. இது தெரியாமல் போய், சுமக்க முடியாமல் பாதியைக் கடையிலேயே விட்டு வந்தவர்கள் உண்டு.

இனி பழைய இரும்புக் கடை. பொறுமை இருக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆக்சில், லாரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சுருள் ஸ்பிரிங், பெரிய பேரிங் வளையம், பழைய மோட்டார் ஷாஃப்ட், புதுவயல் அரிசி ஆலைகளில் கழித்துப்போட்ட தண்டுகள் எல்லாம் வந்து குவியும். கடைக்காரரிடம் "இது எதிலேருந்து வந்துச்சு அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பரிசோதனை முடிவு. மோட்டார் ஷாஃப்ட் பெரும்பாலும் அப்படியே கடையலாம். லாரி பட்டை இளக்காமல் ஆகாது. பேரிங் வளையத்தில் பெரும்பாலும் சுமார் 1 சதவீத கார்பனும் 1.5 சதவீத குரோமியமும் இருக்கும், அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

செட்டிநாட்டில் கிடைக்கிற இன்னொரு வகை, இடிபடும் வீடுகளின் இரும்பு. கப்பலில் வந்து இறங்கிய உத்திரங்களும் வார்ப்புத் தூண்களும் சன்னல் கம்பிகளும் பழைய இரும்பாக எடைக்குப் போவதைப் பார்க்க மனம் ஒப்புவதில்லை. பூவேலை செய்த தூணோ, பெரிய பூட்டோ, கொண்டியோ கண்ணில் பட்டால் தயவுசெய்து அறுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே அதற்கு மதிப்பு உண்டு. வளைந்து முறிந்த சாதா சன்னல் கம்பி என்றால் எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றை அறுத்துப் பார்த்தால் மரத்தின் நார் மாதிரி இழை ஓடியிருக்கும். கொல்லருக்கு அது அருமையான சரக்கு. லேத்தில் மரை வெட்டினால் இழையோடு பிய்ந்து வரும்.

வாங்கக் கூடாதவை சில. தண்டவாளத் துண்டு பட்டறைக்கல்லாக அழகாக உட்காரும், ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாமல் தொடாதீர்கள். ஷாக் அப்சார்பரை முழுசாக அறுக்கவோ நெருப்பில் வைக்கவோ கூடாது, உள்ளே அடைபட்ட வாயுவும் எண்ணெயும் வெடிக்கும். குரோம் பூசிய ஹைட்ராலிக் ராடு வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையும் போல்ட்டையும் உலையில் போட்டால் வரும் வெள்ளைப்புகை காய்ச்சல் வரவழைக்கும். அதுவும் வேண்டாம்.

கையில் இருப்பது என்ன இரும்பு

மூன்று சோதனை போதும். காந்தம், அரம், பொறி.

காந்தம் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் 304 மாதிரி ஸ்டெயின்லெஸ். அதை ஒதுக்கி வையுங்கள். அடுத்து, ஒரு நல்ல அரத்தின் மூலையால் துண்டின் ஓரத்தில் ஒரு இழுப்பு. கடித்துக்கொண்டு தூள் விழுந்தால் கடையலாம். கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய இரும்பு. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆக்சிலின் வெட்டுமுகத்தில் நடுவில் அரம் கடிக்கும், ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வழுக்கும். எனக்கு நடந்தது அதுதான். நடுவை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினேன்.

பொறி பார்ப்பதற்குச் சாணைக்கல் வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். மெல்லிரும்பில் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் வெடிக்காமல் ஓடும். கார்பன் ஏற ஏறக் கோட்டின் நுனியில் பூ வெடிக்கும். ஈ.என்.8-இல் ஆங்காங்கே கிளை பிரியும். பழைய அரத்தைத் தேய்த்தால் கார்த்திகைக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பு மாதிரி கல்லை ஒட்டியே பூப்பூவாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி கட்டையாக, சிவப்பாக இருக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீல் (டிரில் பிட் செய்கிற இரும்பு) மங்கிய செம்மஞ்சளில் நாலே கோடு காட்டும், வெடிக்கவே வெடிக்காது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு ஆணி, ஒரு ஈ.என்.8 துண்டு, ஒரு லாரி பட்டைத் துண்டு, ஒரு உடைந்த அரம், ஒரு உடைந்த டிரில் பிட் என்று ஐந்தையும் ஒரு கம்பியில் கோத்துச் சாணைக்கல் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தெரியாத துண்டு வரும்போது அதையும் இவற்றையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

எதை இளக்குவது

அரம் கடிக்கிற இரும்பை இளக்க வேண்டியதே இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் நெருப்பில் போட ஆசைப்படுகிறார்கள். மெல்லிரும்பை இன்னும் இளக்கினால் அது பிசின் மாதிரியாகி, டூலில் ஒட்டி, முகம் பிய்ந்துபோகும். கேஸில் அறுத்த ஓரமும், வெல்டிங் பட்ட இடமும், கட்டிங் வீலில் அறுக்கும்போது நீலம் பாய்ந்த முனையும் மட்டும் கெட்டியாக இருந்தால், அந்தச் சில மில்லிமீட்டரைச் சாணையில் தேய்த்து எடுத்தால் போதும்.

இளக்க வேண்டியவை இரண்டு வகை. இந்தப் பிரிவினையைத்தான் பலரும் சொல்லித் தருவதில்லை.

முதல் வகை, சாதாக் கார்பன் இரும்பும் ஸ்பிரிங் இரும்பும். லாரி பட்டை, சுருள் ஸ்பிரிங், ஈ.என்.8, ஈ.என்.9, பெரும்பாலான ஆக்சில். இவற்றை, காந்தம் ஒட்டாமல் விட்டுவிடுகிற சூட்டைத் தாண்டிக் காய்ச்சி, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். இவற்றில் கடினம் வருவதே வேகமாகக் குளிர்வதால்தான். செஞ்சூட்டில் இரும்பு தன் கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறினால் கார்பன் பிரிந்து தன் இடத்தில் அமரும், இரும்பு மெத்தாகும். தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் பிரிய நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறுகும். கொல்லர் அரிவாளுக்குப் போடும் துவைச்சல் இதுதான். நாம் செய்யப்போவது அதற்கு நேர் எதிர்.

இரண்டாவது வகை, ஈ.என்.24 மாதிரி நிக்கலும் குரோமியமும் சேர்ந்தவை. இவை காற்றில் ஆறினாலே இறுகும். காந்தம் விடுகிற வரை காய்ச்சி வெளியே எடுத்தால், முன்னைவிடக் கெட்டியாகி வந்து நிற்கும். இவற்றை மங்கிய சிவப்பில், சுமார் 650 முதல் 680 டிகிரியில், காந்தம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ஒரு மணி இரண்டு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்து, பிறகு ஆறவிடலாம். பேரிங் வளையத்துக்கும் இதே வழிதான் வீட்டில் ஒத்துவரும். ஹை ஸ்பீட் ஸ்டீலை வீட்டு உலையில் இளக்க முடியாது. உடைந்த டிரில் பிட்டைச் சாணை பிடித்து டூலாக்கிக்கொள்ளுங்கள்.

உலையும் சாம்பலும்

சாம்பலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வேலை கெடுவது அங்கேதான். மெதுவாக ஆற வேண்டும் என்றால் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும் பொருள் வேண்டும். மணல் ஆகாது, அது சூட்டை உறிஞ்சிக் கடத்திவிடும். நம் ஊருக்கு வாய்த்தது உமிச் சாம்பல். புதுவயல் ஆலைகளில் நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார்கள். சாம்பலை எங்கே கொட்டுவது என்பதே அவர்களுக்குப் பாடு. பெரிய எஃகாலைகளில் உருகிய இரும்பு ஆறிவிடாமல் மேலே தூவுவதும் இதே உமிச் சாம்பல்தான். இரண்டு சாக்கு கேட்டு வாங்கி வாருங்கள். முகமூடி இல்லாமல் கொட்டாதீர்கள். அதில் இருப்பது சிலிக்கா, நுரையீரலுக்கு ஆகாது. ஈரம் இருந்தால் வெயிலில் பரப்பி நன்றாகக் காயவையுங்கள். ஈரச் சாம்பலில் புதைத்தால் அது இளக்குவதாகாது, துவைச்சலாகிவிடும். கொத்தனாரிடம் மிஞ்சிய, நீறி உலர்ந்த சுண்ணாம்புத் தூளும் இதே வேலை செய்யும். நீறாத சுண்ணாம்புக் கல் பக்கம் போக வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கொதித்துக் கண்ணைக் கெடுக்கும்.

மூடியுள்ள இரும்பு டின் ஒன்றில் பாதி சாம்பல் நிரப்பி, நடுவில் குழி செய்து, உலை மூட்டுவதற்கு முன்பே பக்கத்தில் வையுங்கள். கொதிக்கிற இரும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு சாம்பலைத் தேடக் கூடாது.

உலைக்குச் செங்கல்லை மூன்று பக்கம் அடுக்கினால் போதும், ஃபயர் பிரிக் கிடைத்தால் நல்லது. வெறும் மண்தரையில் வையுங்கள். சிமெண்ட் தரையில் சூடான இரும்பு விழுந்தால் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கரிக்குச் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேல மூட்டக்கரி இருக்கவே இருக்கிறது. நின்று எரியும், புகை குறைவு. காற்றுக்குக் கையால் சுற்றும் பிளோயர். பட்டறைத் துருத்தி கிடைத்தவர் பாக்கியவான்.

துண்டில் இருக்கும் எண்ணெய், கிரீஸ், பெயிண்ட் எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். நேரம் மாலை ஆறு மணிக்கு மேல். வெயிலில் நிறம் தெரியாது, தெரியவில்லையே என்று ஊதி ஊதி அதிகம் காய்ச்சிவிடுவோம். கரி நன்றாகப் பற்றிச் செந்தணலான பிறகு துண்டைத் தணலுக்கு நடுவே புதையுங்கள், அடியில் காற்று நேராகப் படும் இடத்தில் வேண்டாம். மெல்ல ஊதுங்கள். அவ்வப்போது திருப்பிவிடுங்கள். முதலில் இருட்டில் மட்டும் தெரிகிற கருஞ்சிவப்பு, பிறகு மாதுளம்பூச் சிவப்பு வரும். நீளக் கம்பியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ச் சட்டென்று தொட்டுப் பாருங்கள். தணலில் வைத்தபடியே வேண்டாம், துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். 770 டிகிரியை ஒட்டி இரும்பு காந்தத்தை விட்டுவிடும். முழுத் துண்டும் விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் கூடுதலாக ஏறட்டும், அவ்வளவுதான். ஆரஞ்சு நிறத்துக்குப் போகவிடாதீர்கள். மஞ்சளானால் இரும்பின் உள்மணிகள் (படிகங்கள்) பெருத்து, விளிம்பு கருகி வீணாகும்.

அந்த நிறத்திலேயே நிறுத்தி வையுங்கள். 20 மி.மீ. கம்பிக்குப் பதினைந்து நிமிடம், தடிமன் கூடினால் நேரமும் கூட வேண்டும். வெளியே சிவந்ததும் உள்ளும் சிவந்துவிட்டது என்று நினைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

பிறகு எடுத்து, ஒரு மூச்சு நேரத்தில் சாம்பல் குழிக்குள் வைத்து, மேலேயும் ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் மூடி, டின்னை மூடிவிடுங்கள்.

முதல் தடவை நான் இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு சின்ன பின் பாதிதான் இளகியது. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அரிவாள் அடிக்கும் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சின்னதைத் தனியாப் போட்டா ஆறிப்போகும் தம்பி. பக்கத்துல ஒரு துணை வைங்க" என்றார். அன்றிலிருந்து, இரண்டு கிலோ இரும்புக் கட்டி ஒன்றையும் சேர்த்துக் காய்ச்சிச் சாம்பலில் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். அந்தக் கட்டியின் சூடு சின்னத் துண்டை ராத்திரி முழுக்க ஆறவிடாமல் காக்கிறது. விரல் தடிமனுக்குக் குறைந்த எதற்கும் துணை வைக்காமல் இருக்காதீர்கள்.

காலையில் டின்னைத் திறந்து, கையை வைப்பதற்கு முன் இடுக்கியால் எடுங்கள். விடிந்த பிறகும் உள்ளே கை சுடும் அளவுக்கு இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. அந்த ஆக்சில் துண்டை அப்படி எடுத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாம்பலின் வெதுவெதுப்பு, மேலே ஆமை ஓடு மாதிரி சாம்பல் நிறத்தில் செதில். வாசல்படியிலேயே உட்கார்ந்து அரத்தை இழுத்தேன். முன்பு வழுக்கிய அதே ஓரத்தில் "சர்ர்" என்று கடித்து, படியில் தூள் விழுந்தது.

லேத்துக்குப் போகுமுன்

அந்தச் செதில் டூலைத் தின்னும். ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். செதிலுக்குக் கீழே கார்பன் எரிந்துபோன மெல்லிய தோல் ஒன்றும் இருக்கும். அதனால் முடிவளவைவிட விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டராவது கூடுதலாக உள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் வெட்டு தோலைச் சுரண்டுவதாக இருக்கக் கூடாது. ஒரேயடியாகத் தோலுக்கு அடியில் இறங்குகிற ஆழத்தில் வையுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. ஹை ஸ்பீட் டூல் என்றால் மெல்லிரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர், இளக்கிய ஈ.என்.8-இல் 20 மீட்டர் என்று தொடங்கலாம். அந்த எண்ணை 318 ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் சுற்று கிடைக்கும். 25 மி.மீ. மெல்லிரும்புக் கம்பிக்கு 318 சுற்று. சுருள் நீலமாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

வேட்டி, கைலி, தொங்கும் துண்டு, கையுறை, இவற்றோடு லேத் பக்கம் நிற்காதீர்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. சக்கு (கம்பியைக் கவ்விச் சுழலும் பிடி) துணியைப் பிடித்தால் ஆளை இழுத்துவிட்டுத்தான் நிற்கும்.

இளக்கிய ஆக்சில் இனி ஆக்சில் அல்ல. அதன் பழைய பலம் போய்விட்டது. அதில் செய்த பின்னை வண்டிக்கோ, ஜாக்கிக்கோ, குழந்தைகள் ஆடும் ஊஞ்சல் கொக்கிக்கோ போடக் கூடாது. மறுபடி கடினமும் பதமும் ஏற்றத் தெரிந்த பிறகு, இன்னதென்று தெரிந்து வாங்கிய இரும்பில் அதைச் செய்யுங்கள். டூல் பிடிப்பான், சாவி, அச்சு, ஜிக் மாதிரியான வேலைகளுக்குப் பழைய இரும்பு தாராளமாகப் போதும்.

மிஞ்சிய துண்டை எடுத்து வைக்கும்போது ஒரு முனையில் பெயிண்ட் அடியுங்கள். என் அலமாரியில் பச்சை என்றால் மெல்லிரும்பு, மஞ்சள் ஈ.என்.8, நீலம் ஸ்பிரிங் இரும்பு, சிவப்பு ஈ.என்.24. இளக்கியதற்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு கூடுதல். எது என்று தெரியாததற்கு நிறம் கிடையாது, அவை தனிப் பெட்டியில் கிடக்கின்றன. அறுக்கும்போது எப்போதும் பெயிண்ட் இல்லாத முனையிலிருந்து அறுங்கள்.